எழுபது எழுத்தில் வசனம்

விமரிசனம் என்றால் நாவலையும் சிறுகதையையும் பற்றித்தான் எழுதவேண்டும் என்று நம்மிடையே ஓர் அபிப்பிராயம் ஊறிப்போயிருக்கிறது. அச்சாகிப் புத்தகமாக வந்தால்தான் நடை என்று ஒன்று உண்டு, மற்றதெல்லாம் வெறும் எழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இன்று ஒரு சாதாரணத் தமிழர் ஒரு நாளில் படிக்கிற வசனத்தில் நாவலாசிரியர்கள் எழுதியது எத்தனை வரி இருக்கும்? என்னைப் போன்றவர்கள் கேட்டுக்கொள்ளாமல் இருப்பது நல்லது. கதையைப் படிக்காமல் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. கைபேசியில் வந்து விழும் குறுஞ்செய்தியைப் படித்தே தீரவேண்டும். பாங்கி எழுதுகிறது, மின்வாரியம் எழுதுகிறது, ரேஷன் கடை எழுதுகிறது, ஐப்பசி பிறந்துவிட்டால் சர்க்கார் எழுதுகிறது. இவ்வளவு பேர் கட்டாயமாகப் படிக்கிற ஒரு வசனத்தை எந்த விமரிசகரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

குறுஞ்செய்தியெல்லாம் பழங்கதை, எல்லாம்தான் வாட்ஸப்புக்குப் போய்விட்டதே என்று வாசகர் சொல்லலாம். அரட்டை போய்விட்டது, வாஸ்தவம். பொங்கல் வாழ்த்தும், விடியற்காலை 5 மணிக்கு ரோஜாப்பூப் படத்துடன் வருகிற காலை வணக்கமும் அங்கே குடிபோய்விட்டன. மிஞ்சி இருப்பது முக்கியமானது மட்டுமே. பணம் கட்டும்போது பாங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணும், வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கு முன்னால் வரவேண்டிய எச்சரிக்கையும் பெரும்பாலும் இந்தப் பழைய வழியாகவே வருகின்றன. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி நின்றுபோயிற்று. தந்திச் சேவகன் வாசலில் வந்து நின்றால் வீட்டில் எல்லாருக்கும் அடிவயிற்றைக் கலக்குமே, அந்த வேலை இப்போது குறுஞ்செய்திக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தந்திக்கு வார்த்தைக் கணக்கில் காசு. அதனால் தந்தி எழுதத் தெரிந்தவனுக்கு வசனம் எழுதவும் தெரிந்திருந்தது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். குறுஞ்செய்தியை எண்ணிப் பார்த்தவரும் ஒருவர் உண்டு. ஃப்ரீடெல்ம் ஹில்லப்ராண்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளர், 1985-ல் பான் நகரில் தட்டெழுத்து இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, மனத்துக்குத் தோன்றிய வாக்கியங்களையெல்லாம் அடித்து, எழுத்துக்களை ஒவ்வொன்றாக எண்ணினார். அநேகமாக எல்லாமே 160-க்குள் அடங்கிவிட்டன. ஜனங்கள் தபால் அட்டையில் எவ்வளவு எழுதுகிறார்கள் என்று பார்த்தார். அதுவும் அதற்குள்தான் இருந்தது. 160 போதும் என்று முடிவுசெய்தார். 1992 டிசம்பர் 3-ம் தேதி இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளைஞர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கைபேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதுதான் முதல் குறுஞ்செய்தி.

தபால் அட்டைகளை எண்ணிப் பார்த்து உருவத்தைத் தீர்மானித்த அந்தப் பொறியாளரிடம் எனக்கு மரியாதை உண்டு. மாசிலாமணி முதலி தெருவிலோ பாரத மாதா தெருவிலோ எழுதின தமிழ் அட்டைகளையும் அவர் எண்ணிப் பார்த்திருக்கக்கூடாதா என்று ஆதங்கமும் உண்டு. அவர் எப்படிப் பார்ப்பார்?

அவர் செய்த பெட்டி 140 பைட் கொண்டது. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். ஆகவே 160 எழுத்து. தமிழ் எழுத்துக்கு 16 பிட் வேண்டும். ஆகவே அதே பெட்டியில் 70. அந்த 70-ம் முழுசாகக் கிடைப்பதில்லை. ‘தாம்பரம்’ என்று எழுதினால் பள்ளிக்கூடக் கணக்கில் 5 எழுத்து. யந்திரத்தின் கணக்கில் 8. துணைக்காலுக்கு ஒன்று, மகரத்தின் தலைமேல் இருக்கும் புள்ளிக்கு ஒன்று, கடைசிப் புள்ளிக்கு இன்னொன்று என்று அது தனித்தனியாக வசூல் பண்ணிவிடுகிறது. இங்கிலீஷில் எழுதினாலும் தாம்பரத்துக்கு 8 எழுத்துத்தான். ஆனால் அது 160-ல் 8. இது 70-ல் 8. ஒரே ஊருக்கு, ஒரே வண்டியில், இரண்டு கட்டணம்.

வண்டி என்றதும் ஒரு விஷயம் சொல்லவேண்டும். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் மின்சார ரயில் வந்தது. அது மீட்டர் கேஜ். பிறகு அகலப் பாதை வந்தது. தண்டவாளத்தைப் பெயர்க்கிறோம், வேலை முடிகிறவரையில் ஆபீசுக்குப் போகாதீர்கள் என்று பல்லாவரத்துக்காரரிடமும் குரோம்பேட்டைக்காரரிடமும் சொல்ல முடியுமா? கொஞ்ச காலம் இரண்டு பாதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. 2004 ஜூலையில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்றது. மறுநாளும் ஜனங்கள் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனார்கள்.

கைபேசி வலையிலும் இதுவே நடந்தது. பழைய 2G வலையில் குறுஞ்செய்தி, பேச்சு போகும் பாதையில் போவதில்லை. பயணிகள் வண்டியில் போகிறார்கள். ‘வண்டி வருகிறது, வழி விடு’ என்ற சமிக்ஞை பக்கத்துக் கம்பியில் போகிறது அல்லவா? கைபேசிக்கும் கோபுரத்துக்கும் நடுவே அப்படி ஒரு சமிக்ஞைப் பாதை உண்டு. அது சும்மா கிடக்கும் நேரத்தில் 140 பைட்டை அதில் ஏற்றி அனுப்புவதுதான் யுக்தி. பேச்சுப் பாதைகள் நிரம்பி வழிகிற சமயத்திலும் செய்தி மட்டும் எப்படியோ போய்ச்சேருவதற்கு இதுதான் காரணம். 4G வந்தபோது பழைய பேச்சுப் பாதையையே எடுத்துவிட்டார்கள். எல்லாம் இன்டர்நெட்டில் போகிற பொட்டலங்களாகிவிட்டன. குறுஞ்செய்தி நடுத்தெருவில் நின்றது. பொறியாளர்கள் அதற்கு இரண்டு வழி செய்துகொடுத்தார்கள். பக்கத்திலிருக்கும் பழைய வலையிலிருந்து செய்தியைக் கைமாற்றி வாங்கிப் புதிய வலையில் விடுவது ஒன்று. செய்தியையே பொட்டலமாக்கிவிடுவது மற்றொன்று. 2016 செப்டம்பரில் தொழில் தொடங்கிய ஜியோவுக்குச் சாய்ந்துகொள்ளப் பழைய வலையே கிடையாது. ஆகவே முதல் நாளிலிருந்தே இரண்டாவது வழிதான். 2022 அக்டோபரில் சென்னைக்கு 5G வந்தது. அதன் வகுத்தமைப்பில் குறுஞ்செய்திக்கென்றே தனியாக ஓர் இலாகா வைத்திருக்கிறார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் சினிமாப் படத்தையே இறக்கக்கூடிய வலையில், 1985-ம் வருஷத்து அட்டைப் பெட்டி ஒன்றைச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு இவ்வளவு சிரத்தை!

பாதை மூன்று தரம் மாறியும் பெட்டியின் அளவு மட்டும் மாறவில்லை. அதிலும் முழுக் குற்றத்தையும் பொறியாளர்கள் தலையில் போட எனக்கு மனமில்லை. உலகம் முழுவதற்குமான கைபேசித் தர விதிகளில் தமிழுக்கும் மற்ற இந்திய பாஷைகளுக்கும் தனித்தனி எழுத்து அட்டவணை சேர்த்து வெகு காலமாகிறது. அதன்படி எழுதினால் ஒரே பெட்டியில் 150-க்கு மேல் தமிழ்க் குறிகளை அடக்கலாம். அனுப்புகிற இடத்துக்கும் வாங்குகிற கைபேசிக்கும் அந்த அட்டவணை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மொத்தமாகச் செய்தி அனுப்பும் வியாபாரிகளின் விலைப்பட்டியலைப் பாருங்கள்: இங்கிலீஷுக்கு 160, தமிழுக்கு 70 என்றே கணக்கு. 70-ஐத் தாண்டினால் இரண்டு செய்தியாகிவிடும்; ஒட்டுப்போடுகிற செலவு போக ஒவ்வொன்றிலும் 67-தான் மிஞ்சும். காசும் இரண்டு மடங்கு. இந்தியாவில் விற்கும் கைபேசி எதுவானாலும் 22 பாஷைகளையும் காட்டவேண்டும் என்று 2016-ல் மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. படிக்க வசதி செய்தாயிற்று. எழுதுகிறவன் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் எழுதிவிடுகிறான்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர். தமிழ் வெகு நன்றாகப் படிப்பார். என் தொடர்கதையில் பதினோராம் அத்தியாயத்தில் செத்தவர் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் எப்படிக் காப்பி குடித்தார் என்று கேட்டவர் அவர்தான். ஒரு நாள் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தார்.

“தம்பி, பேங்க்லேருந்து என்னமோ வந்திருக்கு. என்னன்னு பாரு.”

பார்த்தேன். ஆறு இலக்க எண். கூடவே இங்கிலீஷில் எச்சரிக்கை.

“இதை யார்கிட்டயும் காட்டாதீங்கன்னு போட்டிருக்குக்கா.”

“அதைத் தமிழ்ல போட்டிருந்தா உன்கிட்ட ஏன் காட்டப்போறேன்?”

இதைவிடக் கறாரான இலக்கிய விமரிசனத்தை நான் சமீபத்தில் படித்ததில்லை. யாருக்காக எழுதப்பட்டதோ அவருக்குப் புரியாமல், யாருக்குத் தெரியக்கூடாதோ அவரிடமே அவரைக் கொண்டுபோய் நிறுத்துகிற வசனம் அது. என்னிடம் காட்டினார், நான் எண்ணைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தேன். வேறு யாரிடமாவது காட்டியிருந்தால்?

இளைஞர்கள் அம்மாவுக்கு அனுப்பும் செய்தியைக்கூட இங்கிலீஷ் எழுத்தில் எழுதித் தமிழைக் கெடுக்கிறார்கள் என்று மேடைகளில் பேசுகிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. 160-ம் 70-ம் எதிரெதிரே நிற்கும்போது பையன் 160-ன் பக்கம் போனான். பழைய கைபேசிப் பொத்தான்களில் தமிழ் அடிக்கப் பட்ட பாடும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த எழுத்தில் பல்லியும் பள்ளியும் ஒன்றுதான், கரியும் கறியும் ஒன்றுதான். வீட்டுக்குள் அதனால் மோசமில்லை. மகன் பல்லிக்குப் போகமாட்டான் என்று தாயாருக்குத் தெரியும். சர்க்கார் செய்தியில் அந்த ஊகத்துக்கு இடம் கிடையாது.

சர்க்கார் செய்திக்கே வருகிறேன். அதில் தமிழ் இருக்கிறது. அதற்காக நான் சந்தோஷப்படுகிறேன். ஆனால் என்ன தமிழ்? எந்தச் செய்தியையும் அப்படியே எடுத்து வைக்காமல், அந்தப் பாணியில் நானே ஒன்றைத் தொடங்கிப் பார்க்கிறேன்: ‘வடகிழக்குப் பருவமழை தீவிரமடைந்துள்ளதன் காரணமாக’. எண்ணிப் பாருங்கள். 46 இடம் தீர்ந்துவிட்டது. இன்னும் யாருக்கு என்ன ஆபத்து என்று ஒரு சொல்கூட வரவில்லை. திருக்குறளின் முதல் குறளை இதே யந்திரக் கணக்கில், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் சேர்த்து எண்ணினேன். 45 வந்தது. அகரத்தில் தொடங்கி உலகத்தில் முடித்து வள்ளுவர் எழுந்து போய்விட்டார். நம் அதிகாரி இன்னும் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே 70 போதாது என்ற புகார் பாதிதான் நியாயம். ஏழு சீரில் முடிக்கிற வித்தை தெரிந்த பாஷை இது. வசனத்திலும் கு. ப. ராஜகோபாலன் போன்றவர்கள் ஒரு சொல் அதிகமில்லாமல் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். காகிதத்தில் கோப்பு எழுதுகிறபோது நீளம் ஒரு பாதுகாப்பு. காரணத்தை முன்னால் சொல்லிவிட்டால் பின்னால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பழக்கத்தை அப்படியே கைபேசிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2018-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதிகளின்படி, வியாபார ஸ்தாபனங்கள் மொத்தமாக அனுப்பும் செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். தேதி, தொகை, பெயர் மாறும் இடத்தில் மட்டும் கோடிட்ட இடம் விடலாம். மோசடிக்காரர்களைத் தடுக்க வந்த விதி, தேவையானதுதான். ஆனால் ஒருதரம் பதிவான வாசகத்தை மறுபடியும் திருத்திப் பதிவுசெய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? முதலில் அவசரத்தில் எவனோ எழுதின வாக்கியம் வருஷக்கணக்கில் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பிழை திருத்தப்படாமல் இத்தனை பதிப்பு எந்த நாவலுக்கும் வந்ததில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரையை மீறியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகுகளில் ஜனங்களை ஏற்றினார்கள். மின்சாரம் போய், கோபுரங்களும் ஊமையாகிவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே பேட்டைகளில் தண்ணீர். பெருங்களத்தூர் பக்கம் ஒரு முதலையே சாலையைக் கடந்து போயிற்று. அதற்கு யாரும் செய்தி அனுப்பவில்லை. தானாகவே மேட்டைத் தேடிக்கொண்டது போலும்.

அப்படிப்பட்ட இரவில் குறுஞ்செய்திக்கு ஒரு குணம் உண்டு. கைபேசி செத்துக் கிடந்தால், நடுவிலுள்ள செய்தி நிலையம் அதைக் கொஞ்ச காலம் பத்திரமாக வைத்திருந்து, கைபேசி உயிர்பெற்றவுடன் கொண்டுவந்து கொடுக்கும். நல்ல குணம்தான். ஆனால் ‘இன்று இரவு கனமழை பெய்யும்’ என்ற செய்தி இரண்டு நாள் கழித்து, வெயில் அடிக்கும்போது வந்தால்? எந்த இன்று? நாவலில் ‘அன்றிரவு’ என்று எழுதினால் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். குறுஞ்செய்திக்கு முன்பக்கம் இல்லை. ஆகவே இதில் ‘இன்று’, ‘நாளை’ என்ற சொற்களே உதவாது, தேதி வேண்டும். இப்படி ஒரு சின்ன இலக்கணம்கூட இந்த உருவத்துக்கு இன்னும் யாரும் எழுதவில்லை.

குறை சொல்கிறவன் செய்தும் காட்டவேண்டும் அல்லவா? இதோ என் முயற்சி: ‘1-12 இரவு: ஆறு கரை மீறும். முடிச்சூரில் உள்ளோர் மாடிக்குப் போங்கள்.’ யந்திரக் கணக்கில் 67. ஒரே பெட்டியில் அடங்குகிறது. 3 இடம் மிச்சம். மாடி இல்லாதவர்கள் எங்கே போவது என்பதற்கு இரண்டாவது செய்தி வேண்டும். அதற்குக் காசு செலவழிப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது.

எண் எண்ணாகத் தேடிப்போகாமல், ஒரு கோபுரத்தின் கீழுள்ள எல்லாக் கைபேசிகளிலும் ஒரே சமயத்தில் அலறுகிற முறையும் வந்திருக்கிறது. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திடுக்கிட்டு எழுந்தார்கள். தபால்காரனுக்குப் பதிலாகத் தண்டோரா. அசல் தண்டோராவை அதற்கு முந்தின வருஷம்தான், 2022-ல், நம் மாநிலத்தில் நிறுத்தினார்கள். சில ஜாதிக்காரர்கள் தலையிலேயே கட்டியிருந்த வேலை அது, நிறுத்தியது சரி. ஆனால் அந்த மனிதர் பேசின தமிழை மறந்துவிடக்கூடாது. தெரு முனையில் நின்று, ஒரு மூச்சில், ஏரி உடையப்போகிறது, மாட்டை அவிழ்த்துவிடுங்கள் என்று அவர் சொன்னால் கேட்டவன் கால் தானாக நகரும். பருவமழை தீவிரமடைந்துள்ளதன் காரணத்தை அவர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. யார் கேட்கிறார்கள் என்று அவருக்குக் கண்முன்னே தெரிந்தது.

கண்முன்னே தெரியாததால் வரும் வினைக்கு ஊர்ப்பெயரே சாட்சி. எச்சரிக்கை அநேகமாக மாவட்டத்தின் பெயரில் வருகிறது. தாம்பரம் 2019 நவம்பரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. 2021-ல் தனி மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனால் தாம்பரத்துக்காரரை எந்த ஊர் என்று கேளுங்கள், சென்னை என்பார். செங்கல்பட்டுக்கு எச்சரிக்கை என்று படித்தால், பாவம், செங்கல்பட்டில் மழையாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிடுவார். அவர் வீட்டுக்குள் புகப்போகிற அதே தண்ணீர் வரதராஜபுரத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தண்ணீர். சைதாப்பேட்டைக்குப் போனால் சென்னை மாவட்டத்துத் தண்ணீர். ‘செங்கல்பட்டு மாவட்டத்தில்’ என்று எழுத யந்திரக் கணக்கில் 25 இடம் ஆகிறது. ‘முடிச்சூரில்’ என்று எழுத 12.